என் முகத்துக்கு எத்தனை கலர்?

போர்ட்ரெய்ட் போட்டியில் பரிசு வாங்குவது வரைந்தவர். நாற்காலியில் ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருந்தவருக்கு என்ன கிடைக்கும் என்று எப்போதாவது யோசித்திருக்கிறீர்களா? எனக்குக் கழுத்து வலி கிடைத்தது. நாலு ஞாயிற்றுக்கிழமை ஓசியில் மதியச் சாப்பாடு கிடைத்தது. அப்புறம், ஒரு கண்காட்சிச் சுவரில் மாட்டியிருக்கும் என் முகத்தை நானே பத்தடி தள்ளி நின்று பார்க்கிற மாதிரி ஒரு சனிக்கிழமை கிடைத்தது.

விஷயம் இதுதான். என் ஸ்கூல் ஃப்ரெண்ட் ஒருத்தி, ப்ளஸ் டூ மேத்ஸில் என்னை விட அதிக மார்க் வாங்கிவிட்டு, சிட்டியில் ஒரு ஓவியக் கல்லூரியில் போய்ச் சேர்ந்தாள். (அவங்க வீட்டில் அப்போது நடந்த கலவரத்தை எழுதினால் இந்த இதழ் முழுக்க அதுதான் இருக்கும்.) அங்கே வருஷா வருஷம் மாணவர்கள் படங்களை மாட்டிக் கண்காட்சி வைப்பார்கள். போர்ட்ரெய்ட்டுக்கு என்று தனிப் பரிசு உண்டு. கடைசி வருஷம் என்பதால் இந்த முறை கண்டிப்பாகப் படம் கொடுக்கணும் என்று இருந்தாள். "வந்து சும்மா உட்காருடி, போதும். அதைத்தானே காலேஜ்லயும் பண்ற" என்று கூப்பிட்டாள். போனேன்.

அவள் வீடு குரோம்பேட்டையில். மொட்டை மாடியில் ஒரு சின்ன ரூம், வடக்குப் பக்கம் ஜன்னல். மீனம்பாக்கத்தில் இறங்குகிற ஃப்ளைட் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். ஃபோட்டோ எடுத்துக்கொண்டு அதைப் பார்த்து வரையக் கூடாதா என்று முதல் நாளே கேட்டேன். பதில் சொல்லாமல் என் ஃபோனை வாங்கி என்னை ஒரு செல்ஃபி எடுத்து, என் முகத்துக்குப் பக்கத்திலேயே பிடித்துக் கண்ணாடியில் காட்டினாள். ஃபோனில் இருந்தவள் என்னை விட இரண்டு ஷேடு வெளுப்பு. முகத்தில் ஒரு பரு இல்லை. நான் எந்த ஃபில்டரும் போடவில்லை, கேமரா அதுவாகவே அப்படி முடிவு செய்திருந்தது. "இவளை எனக்குத் தெரியாது, நான் எப்படி வரையறது?" என்றாள்.

நான் கருப்பு. இதை ஏன் சொல்கிறேன் என்றால், தட்டில் அவள் கலர் பிதுக்க ஆரம்பித்தபோது எந்த ட்யூபை முதலில் எடுப்பாள் என்று நான் ரகசியமாகக் கவனித்துக்கொண்டிருந்தேன். பர்ன்ட் அம்பர். பர்ன்ட் சியன்னா. யெல்லோ ஓக்கர். அலிசரின் கிரிம்சன் என்று ஒரு ரத்தச் சிவப்பு. டைட்டானியம் ஒயிட் கொஞ்சம். பிறகு அல்ட்ராமரீன் நீலம், கொஞ்சம் நஞ்சம் இல்லை, தாராளமாக. கருப்பு ட்யூப் டப்பாவிலேயே கிடந்தது. நாலு வாரமும் அதன் மூடியைத் திறக்கவே இல்லை. கேட்டதற்கு, "கருப்பு போட்டா முகம் செத்துப் போயிடும். உன் மூஞ்சில கருப்பே இல்லடி, நல்லா பாரு" என்றாள். இருபத்தியோரு வருஷத்தில் இதை என்னிடம் சொன்ன முதல் ஆள் அவள்தான். அதுவும் ஆறுதலுக்காகச் சொல்லவில்லை, கணக்குச் சரிபார்ப்பவள் மாதிரி சொன்னாள்.

நீலம் எதற்கு என்பதுதான் எனக்குப் பிடிபடவில்லை. வீட்டுக்கு வந்து படித்துப் பார்த்தேன், நம்ம ஃபிசிக்ஸ்தான். தோலில் படுகிற வெளிச்சத்தில் நூற்றில் மூன்று நான்கு பங்கு உள்ளே போகாமல் மேற்பரப்பிலேயே பட்டுத் திரும்பிவிடும், கண்ணாடியில் படுவது மாதிரி. மீதி உள்ளே போய், மெலனினிலும் ரத்தத்திலும் அடிபட்டு, மிச்சம் இருப்பது நிறத்தோடு வெளியே வரும். மேலேயே திரும்பிவிடும் பங்கு எல்லார் தோலிலும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் உள்ளே போய் வருவது என்னை மாதிரி ஆட்களுக்குக் குறைவு. அதனால் கண்ணுக்கு வந்து சேர்வதில், சுற்றியிருக்கும் வெளிச்சத்தின் பங்கு எங்களுக்கு அதிகம். வடக்கு ஜன்னல் வழியாக வானம் வருகிறது என்றால், என் கன்ன மேட்டில் வானம் இருக்கும். மாலையில் எதிர்வீட்டுச் செங்கல் சுவரில் வெயில் அடித்தால் தாடையில் ஆரஞ்சு ஏறும். நான் போட்டிருந்த பச்சை சுடிதார் கழுத்துக்குக் கீழே கொஞ்சம் பச்சையைத் தூக்கிப் போட்டிருந்தது. இதையெல்லாம் அவள் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள். மூன்றாவது வாரம் மழை மேகம். "இன்னைக்கு உன் கலர் வேற, போய்ட்டு அடுத்த வாரம் வா" என்று சாப்பாடு மட்டும் போட்டு அனுப்பிவிட்டாள்.

நம்ம ஊரில் தோல் நிறத்துக்கு இருக்கிற வார்த்தைகளைக் கவனித்திருக்கிறீர்களா? வெளுப்பாக இருப்பவரை 'சிவப்பு' என்போம். கொஞ்சம் குறைந்தால் 'மாநிறம்'. கல்யாண விளம்பரத்தில் 'புதுநிறம்' என்று ஒன்று வரும், அது என்ன புதுசு என்று யாரும் கேட்பதில்லை. கருப்புக்கு மட்டும் தனியாக ஒரு வார்த்தை ஒட்டிக்கொண்டே வரும்: "கருப்பா இருந்தாலும் களையான முகம்." என் சொந்தக்காரர்கள் எல்லாரும் இதைப் பாராட்டாகத்தான் சொல்கிறார்கள். அந்த 'இருந்தாலும்'-இல் மாட்டிக்கொண்டுதான் என் அக்கா இரண்டு வருஷமாக அவதிப்படுகிறாள்.

அவளுக்கு வரன் பார்க்க ஸ்டுடியோவில் ஃபோட்டோ எடுத்தோம். யாரும் சொல்லாமலேயே அவர்கள் முகத்தை வெளுத்துக் கொடுத்தார்கள். அதுதான் வழக்கமாம், எக்ஸ்ட்ரா சார்ஜ் கூடக் கிடையாது. அந்தப் படத்தைப் பார்த்துப் பிடித்துப்போய் ஒரு குடும்பம் வீட்டுக்கு வந்தது. அக்கா காபி தட்டோடு நிற்கும்போது அந்த அம்மா என் பக்கம் திரும்பி, "ஃபோட்டோல இருந்தது இவங்க தங்கச்சியா?" என்று கேட்டார். நான் அக்காவை விட இன்னும் ஒரு ஷேடு கூடுதல் என்பதால் அவரே பாதியில் நிறுத்திவிட்டார். யாரும் எதுவும் பேசவில்லை. காபி நன்றாக இருந்தது என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அதற்குப் பிறகு அக்கா ஃபோட்டோவுக்கு நிற்பதில்லை. போன தீபாவளி குரூப் ஃபோட்டோவை எடுத்ததே அவள்தான்.

ஆகவே கண்காட்சிக்கு அக்காவையும் கூட்டிப்போவது என்று முடிவு செய்தேன். வரமாட்டேன் என்றாள். எழும்பூர் மியூசியம் போகலாம், போகிற வழியில் ஐந்து நிமிஷம் எட்டிப் பார்க்கலாம் என்று இழுத்துக்கொண்டு போனேன். மியூசியம் யோசனை என் ஃப்ரெண்டுடையது. "முதல்ல ரவிவர்மாவைப் பார்த்துட்டு அப்புறம் என்னுதைப் பாரு, கம்பேர் பண்ணி அழறதுக்கு வசதியா இருக்கும்" என்றாள்.

தாம்பரத்தில் ஏறினால் எழும்பூர் எப்படியும் முக்கால் மணி நேரம். பாந்தியன் ரோடு மியூசியம் வளாகத்தில் ஒரு சிவப்புக் கல் கட்டடம் இருக்கிறது, பார்த்திருப்பீர்கள். ஹென்றி இர்வின் கட்டியது, 1909-ல் திறந்தது, பல வருஷம் பூட்டியே கிடந்தது. ரவிவர்மாவின் படங்களை வைத்திருக்கும் மியூசியம் இது. ஆனால் நான் சொல்ல வந்தது இங்கே பார்த்த படங்களைப் பற்றி அல்ல, அவர் இந்த ஊரில் வாங்கிய பரிசைப் பற்றி.

1873. மெட்ராஸில் ஓவியக் கண்காட்சி. திருவிதாங்கூரில் கிளிமானூரிலிருந்து 25 வயசுப் பையன் ஒருவன் படம் அனுப்புகிறான். ஆயில் பெயின்ட்டை அவன் கற்றுக்கொண்ட கதையே ஒரு சினிமா. அரண்மனை ஓவியரான ராமசாமி நாயக்கர் சொல்லித்தர மறுத்துவிட, அவருடைய சிஷ்யர் ஆறுமுகம் பிள்ளை ராத்திரியில் ரகசியமாக வந்து சொல்லிக்கொடுத்தார் என்பார்கள். 1868-ல் அரண்மனைக்கு வந்த தியடோர் ஜென்சன் என்ற வெள்ளைக்கார ஓவியர் வேலை செய்வதைத் தள்ளி நின்று பார்க்க மட்டும் அனுமதி கிடைத்தது. அப்படிப் பார்த்துக் கற்றவன் அனுப்பிய படம், தலையில் மல்லிகைச் சரம் சூடிக்கொள்ளும் ஒரு நாயர் பெண். கவர்னரின் தங்கப் பதக்கம் அதற்குத்தான். அதே வருஷம் வியன்னா கண்காட்சியிலும் பரிசு. அடுத்த வருஷம் மறுபடி மெட்ராஸ், மறுபடி தங்கம். அந்தப் படம் சரபத் என்ற வாத்தியம் வாசிக்கும் ஒரு தமிழ்ப் பெண்.

இரண்டு படத்தின் தலைப்பையும் இன்னொரு தடவை பாருங்கள். நாயர் பெண். தமிழ்ப் பெண். எத்தனையோ மணி நேரம் ஒருத்தி அவர் முன்னால் உட்கார்ந்திருப்பாள். கை வலித்திருக்கும். மல்லிகை வாடி, வேறு சரம் வாங்கி வந்திருப்பார்கள். பதக்கம் ரவிவர்மாவுக்கு, படம் சரித்திரத்துக்கு. தலைப்பில் அவளுக்கு மிஞ்சியது ஜாதியும் பாஷையும்.

இன்னொன்றும் உண்டு. 1894-ல் ரவிவர்மா பம்பாயில் அச்சகம் தொடங்கினார். அங்கிருந்துதான் லட்சுமியும் சரஸ்வதியும் வீடு வீடாகப் போனார்கள், பிறகு காலண்டராக, தீப்பெட்டியாக, எங்கள் வீட்டுப் பூஜை ரூம் வரை. அழகான பெண் முகம் என்றால் நம்ம பாட்டிகளுக்கு மனதில் வந்த கலர் அந்த அச்சில் இருந்த கலர்தான் என்று நான் நினைக்கிறேன். ரவிவர்மாவைத் திட்டவில்லை. அந்தத் துணி மடிப்பையும் நகைப் பளபளப்பையும் பார்த்தால் யாருக்கும் வாய் பிளக்கும். ஆனால் அக்கா ஒரு படத்தின் முன்னால் நின்று, "எல்லாரும் ஸ்டுடியோவுக்குப் போய்ட்டு வந்த மாதிரி இருக்காங்க" என்று சொன்னபோது எனக்குச் சிரிப்பும் வந்தது, வேறென்னவோவும் வந்தது.

போர்ட்ரெய்ட் பரிசுகளில் உலகத்திலேயே ரொம்பப் பேசப்படுகிறவற்றில் ஒன்று ஆஸ்திரேலியாவின் ஆர்ச்சிபால்ட் பரிசு. சிட்னியில் 1921-லிருந்து நடக்கிறது. அதில் எனக்குப் பிடித்த விதி, உட்காருபவர் சம்மதித்து ஒரு தடவையாவது ஓவியர் முன்னால் நேரில் உட்கார்ந்திருக்க வேண்டும் என்பது. படங்களைப் பெட்டியிலிருந்து பிரித்து எடுக்கிற ஊழியர்கள் தாங்களே ஒரு படத்தைத் தேர்ந்தெடுத்துத் தனிப் பரிசு கொடுப்பார்கள் என்பது அதை விடப் பிடித்தது. 1956-ல் வில்லியம் டார்கி என்ற வெள்ளைக்கார ஓவியர் இந்தப் பரிசை வென்றார். வரையப்பட்டவர் ஆல்பர்ட் நமட்ஜிரா, ஆஸ்திரேலியப் பழங்குடி ஓவியர், அவரே பெரிய கலைஞர். அவர் முகம் பரிசு வாங்கியபோது அவருக்கு அந்த நாட்டில் முழுக் குடியுரிமை கிடையாது, அது அடுத்த வருஷம்தான் வந்தது. ஒரு பழங்குடி ஓவியர் இந்தப் பரிசை வாங்க 2020 வரை ஆனது. வாங்கியவர் வின்சென்ட் நமட்ஜிரா, அதே ஆல்பர்ட்டின் கொள்ளுப்பேரன். அவர் வரைந்தது ஆடம் குட்ஸ் என்ற பழங்குடிக் கால்பந்து வீரரையும், பக்கத்தில் கை கோத்து நிற்கும் தன்னையும்.

அமெரிக்காவில் ஏமி ஷெரால்ட் என்று ஒருவர், 2016-ல் வாஷிங்டன் நேஷனல் போர்ட்ரெய்ட் கேலரியின் போட்டியில் ஜெயித்தார். பிறகு மிஷேல் ஒபாமாவை வரைந்தது அவர்தான். கருப்பினத்தவர்களின் தோலை அவர் சாம்பல் கலரில் போடுவார், பார்ப்பவர்கள் நிறத்தைத் தாண்டி ஆளைப் பார்க்கட்டும் என்று. என் ஃப்ரெண்டுக்கு அவர் என்றால் உயிர். எனக்கு மனசு ஒப்பவில்லை. இத்தனை வருஷம் ஒளித்து வைத்த கலரை மறுபடி எதற்கு ஒளிக்கணும்? எனக்குப் பிரவுன் வேணும், நீலம் ஏறிய பிரவுன்.

இதில் எனக்குச் சொந்தமாக ஒரு சண்டையும் இருக்கிறது. உங்களில் பாதிப் பேர் மாதிரி எங்கள் டீமின் ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டும் முகத்தைப் பார்த்து அட்டெண்டன்ஸ் போடும் சிஸ்டம்தான். முகத்தை 128 எண்களாக மாற்றி ஒப்பிடுகிற அதே ரெடிமேட் மாடல். லேப்பில் ஜன்னலுக்கு முதுகைக் காட்டி நின்றால் மற்ற மூன்று பேரையும் கண்டுபிடிக்கும், என்னைக் கண்டுபிடிக்காது. டீமில் எல்லாரும் சொன்ன தீர்வு, "நீ கொஞ்சம் டியூப்லைட் கீழ வந்து நில்லு." ஜாய் புவோலாம்வினி என்ற ஆராய்ச்சியாளர் எம்.ஐ.டி.யில் படிக்கும்போது, தன் முகத்தை சாஃப்ட்வேர் கண்டுகொள்ள வெள்ளை முகமூடி மாட்டிக்கொள்ள வேண்டி வந்தது. 2018-ல் அவரும் டிம்னிட் கெப்ருவும் மூன்று கம்பெனிகளின் மென்பொருள்களைச் சோதித்தார்கள். முகத்தைப் பார்த்து ஆணா பெண்ணா என்று சொல்வதில், வெளுத்த ஆண்களுக்கு அதிகபட்சப் பிழை 0.8 சதவீதம். கருத்த பெண்களுக்கு 34.7 வரை போனது. எங்கள் ரிப்போர்ட்டில் 'லைட்டிங் கண்டிஷன்ஸ்' என்று ஒரு வரியில் இதை முடித்திருந்தார்கள். நான் அதை அடித்துவிட்டு ஒன்றரைப் பக்கம் எழுதியிருக்கிறேன். ரிவ்யூவில் என்ன சொல்வார்கள் என்று பார்ப்போம்.

சரி, கண்காட்சி. நீளமான ஹால், மேலே பழைய காலத்து ஃபேன்கள், கீழே அதைவிடப் பழைய நாற்காலிகள். நாற்பது போர்ட்ரெய்ட் இருக்கும். ஒரு உண்மையைச் சொல்கிறேன், ஓவிய மாணவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம்: பாதிக்கு மேல் சுருக்கம் விழுந்த தாத்தா பாட்டிகள். தலைப்பாகை, பொக்கை வாய், பாம்படம். கருப்புத் தோலை வரைவதென்றால் அது வயசாகி, ஏழையாகி, வெயிலில் காய்ந்திருக்க வேண்டும் போலிருக்கிறது. சும்மா பஸ்ஸுக்குக் காத்திருக்கிற, இன்டர்வியூவுக்குப் போகிற, பரு இருக்கிற கருப்பு முகத்தைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

என்னுடையது கடைசி வரிசையில், சுவிட்ச் போர்டுக்குப் பக்கத்தில். முதலில் பார்த்தது நெற்றியை. அதில் நீலமும் ஒரு மாதிரி ஊதாவும் இருந்தன, தள்ளி நின்றால் காணாமல் போயின. மூக்கின் ஓரம் செம்மண் கலர். கண்ணுக்குக் கீழே நான் தினமும் பவுடர் போட்டு மறைக்கிற கருவளையம், அலிசரினும் அம்பரும் கலந்து, அப்படியே இருந்தது. பொண்ணு அழகாக இருந்தாளா என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. நான் இருந்தேன். கீழே சீட்டில் 'பெண்' என்றோ 'தோழி' என்றோ போடாமல் என் முழுப் பெயரும், 'இன்ஜினியரிங் மாணவி, சேலையூர்' என்றும் எழுதியிருந்தாள்.

ஒரு பெரியவர், ரிடையர்டு ஆனவர் மாதிரி, படத்தைப் பார்த்துவிட்டு என் ஃப்ரெண்டிடம், "ஃபேஸ் கட் எல்லாம் நல்லா வந்திருக்கும்மா, கலர்தான் கொஞ்சம் டார்க் ஆயிடுச்சு" என்றார். அவள் என் கையைப் பிடித்து இழுத்துப் படத்துக்குப் பக்கத்தில் நிறுத்தினாள். "சார், ஒரிஜினல் இங்கதான் இருக்கு, செக் பண்ணிக்கோங்க." எனக்கு எங்காவது ஓடிவிடலாம் போல இருந்தது. அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு என்னைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார், மறுபடி என்னை. "கரெக்டாதான் போட்டிருக்கே" என்றார். போய்விடுவார் என்று நினைத்தேன். போகவில்லை. குனிந்து, "அது என்ன கன்னத்துல நீலம்?" என்று கேட்டார். அவள் ஜன்னலைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தாள். பத்து நிமிஷம் நின்று கேட்டார். போகும்போது என்னிடம், "வானமா! நல்லா இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனார். இதில் 'இருந்தாலும்' இல்லை என்பதை ட்ரெயினில்தான் கவனித்தேன்.

பரிசு எங்களுக்கு இல்லை. ஒரு பையன் தன் அப்பாவை வரைந்திருந்தான், தையல்காரர், ஊசியில் நூல் கோக்கிறார். ஒரு கண் மூடி, நாக்கு நுனி லேசாக வெளியே. ஜட்ஜ் நானாக இருந்தாலும் அதற்குத்தான் கொடுத்திருப்பேன். என் ஃப்ரெண்டு அப்படி நினைக்கவில்லை. அவளை இரண்டு டீயும் ஒரு சமோசாவும் வாங்கிக் கொடுத்துத்தான் சமாதானப்படுத்த வேண்டியிருந்தது.

அக்கா அதுவரை எதுவும் பேசவில்லை. என் படத்தின் முன்னால் நின்றவள் எதையும் தொடாமல், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, ரொம்பக் கிட்டே போய்ப் பார்த்துக்கொண்டிருந்தாள். டீக்கடையில்தான் வாயைத் திறந்தாள்.

"என் கலருக்கு என்னென்ன கலக்கணும்?"

என் ஃப்ரெண்டு கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, தலையைச் சாய்த்து அவள் முகத்தைப் பார்த்தாள். எனக்கு மாடி ரூமில் பழகிப்போன அதே பார்வை. "உங்களுக்கு ஓக்கர் கொஞ்சம் கூட வேணும்கா. பச்சை ஒரு துளி."

"எத்தனை நாள் ஆகும்?"

"நாலு ஞாயித்துக்கிழமை. மழை வந்தா அஞ்சு. சாப்பாடு எங்கம்மா போடுவாங்க."

அக்கா ஃபோனை எடுத்துத் தேதி பார்த்தாள். "வர்ற ஞாயித்துக்கிழமை முடியாது, கோயம்புத்தூர்ல இருந்து பார்க்க வர்றாங்க. அதுக்கு அடுத்த வாரம் வரேன்."